‘மனநிலை சரியில்லை’ என்று ஒரு வரி

வாசகர் கேள்வி: 9 ஜூன் 2025

கொலை செய்தவன்கூட பைத்தியம் என்று ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டால் போதும், கீழ்ப்பாக்கத்தில் நாலு மாதம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறான். செத்தவன் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? நீதிமன்றப் பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் இது உண்மையா இல்லையா என்று சொல்லுங்கள்.

9 ஜூன், இரவு 10.15

உண்மை இல்லை. முப்பத்தொரு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக எழும்பூருக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் கேஸ் கட்டுத் தூக்கியவன் சொல்கிறேன்.

புத்தி சுவாதீனம் இல்லாத நேரத்தில், தான் செய்வது என்னவென்றே தெரியாமல் செய்தது குற்றமாகாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 84. அதைச் சொல்லி ஜெயித்த வழக்கு என் கண்ணெதிரே இரண்டே இரண்டு. அந்த இரண்டு பேரும் அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை. விடுதலை என்று தீர்ப்பை வாசித்த கையோடு, பாதுகாப்பான காவலில் வைக்கவேண்டும் என்று அடுத்த உத்தரவும் வந்துவிட்டது. சொந்தக்காரரோ நண்பரோ பிணை எழுதிக் கொடுத்துப் பொறுப்பேற்க முன்வந்தால் அதிலிருந்து வெளியே வர வழி உண்டு. அப்படி ஒருவர் வராவிட்டால், அந்தக் காவலுக்கு இத்தனை வருடம் என்று கணக்கே கிடையாது. ஏழு வருடம் தண்டனை வாங்கியவன் சுவரில் கோடு போட்டு எண்ணுவான். இவன் எதை எண்ணுவது?

9 ஜூன், இரவு 11.05

இரண்டு இல்லை, ஒன்று. பழைய டைரிகளை எடுத்துப் பார்த்தேன். இன்னொன்றில் கொலை, கொலையாகாத மரணமாகக் குறைந்தது, அவ்வளவுதான். வயதானால் வெற்றிகள் பெருகும்.

11 ஜூன், காலை 7.30

‘நடிக்கிறவர்களே இல்லையா?’ என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் கூண்டில் ஏறியதும் சட்டையைக் கழற்றிவிட்டு அம்மன் பாட்டுப் பாடுவார். மாஜிஸ்திரேட் எழுந்து உள்ளே போனதும் பாட்டு நின்றுவிடும். அவரை மருத்துவமனைக்கு அனுப்பிப் பத்து நாள் கண்காணிப்பில் வைத்தார்கள். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார், வேளைக்குச் சாப்பிட்டார், பக்கத்துக் கட்டில்காரரிடம் வழக்கு விவரம் பேசினார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருபத்துநாலு மணி நேரமும் நடிக்க யாராலும் முடியாது.

நான் பார்த்த உண்மையான நோயாளிகள் பெரும்பாலும் எதிர்த்திசை. ‘எனக்கு ஒன்றும் இல்லை ஐயா’ என்பார்கள். அந்த வாக்கியம்தான் அவர்களைச் சிறைக்கு அனுப்புகிறது.

இன்னொரு குழப்பம். சட்டம் கேட்கும் கேள்விகள் இரண்டு. செய்த நேரத்தில் புத்தி எப்படி இருந்தது என்பது ஒன்று. இங்கிலாந்தில் 1843-ல் மெக்நாட்டன் என்பவரின் வழக்கை ஒட்டி வகுத்த விதியை வைத்துக்கொண்டு இன்றைக்கும் அதை அளக்கிறார்கள். மருத்துவர் ‘நோய் உண்டு’ என்று எழுதியதை மட்டும் வைத்து அதில் ஜெயிக்க முடியாது. செய்வதன் தன்மையோ அது தவறு என்பதோ தெரியாத அளவுக்கு நோய் இருந்ததா என்று பார்ப்பார்கள். இரண்டாவது கேள்வி, இப்போது வழக்கை எதிர்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்பது. இல்லை என்றால் வழக்கு முடிந்துபோவதில்லை, அப்படியே நின்றுவிடும். கடிகாரம் நிற்கிறது, ஜாமீன் கிடைக்காவிட்டால் ஆள் உள்ளேயே இருக்கிறான். மக்கள் பயப்படுவது முதல் கேள்விக்கு. ஆட்களை விழுங்குவது இரண்டாவது.

12 ஜூன்

ஒருவர் திருத்தியிருக்கிறார்: 84 இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 22. ஒப்புக்கொள்கிறேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 328 முதல் 339 வரை புதிய சட்டத்தில் 367 முதல் 378. புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-க்குப் பிறகு என் வயதுக்காரர்கள் பிரிவு எண் சொல்லவே கூடாது. சென்னைத் தெருக்களில் வீட்டு வாசலில் எழுதியிருப்பதுபோல் ‘பழைய எண், புதிய எண்’ என்று நெற்றியில் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். தபால்காரர் இரண்டையும் பார்த்துவிட்டு மூன்றாவது வீட்டில் கொடுப்பார்.

15 ஜூன், மாலை

இதுவரை வெளியே நின்று பேசினேன். உள்ளே போய்வந்தவன் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் தம்பி. மனச்சிதைவு நோய், இருபத்துநாலு வயதிலிருந்து. மாத்திரை சாப்பிடும்போது ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பான், சாயங்காலக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகாது. நிறுத்திவிட்டால் சில வாரங்களில் பேருந்துகளின் எண் பலகை அவனைத் திட்ட ஆரம்பிக்கும். இது விளையாட்டுப் பேச்சு இல்லை, அவன் சொன்னதைத்தான் எழுதுகிறேன். 2022 நவம்பர் மழையில் கடை பத்து நாள் மூடிக்கிடந்தது, மாத்திரையும் நின்றிருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. நின்றுகொண்டிருந்த ஒரு பேருந்தின் முன்கண்ணாடியைக் கல்லால் உடைத்துவிட்டான். யாருக்கும் அடியில்லை. பொதுச் சொத்துச் சேதம், 1992-ஆம் வருடச் சட்டம், ரிமாண்ட்.

காவல் நிலையத்தில் மருந்துச் சீட்டைக் காட்டினேன். ரைட்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இதை நீங்கள் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிக்கொள்ளுங்கள்’ என்றார். கடுமையாக ஒன்றும் பேசவில்லை. எனக்கு டீகூட வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். ‘போலீஸ் அடித்தார்களா? ஏதாவது சொல்லவேண்டுமா?’ ஒன்றும் இல்லை என்று தலையாட்டியிருக்கிறான். அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? ஜாமீன் மனுவுக்கு எப்போது எண் கிடைக்கும் என்று நீதிமன்ற எழுத்தரான பேஷ்காரிடம் கேட்டுக்கொண்டு வராந்தாவில் நின்றேன். மருந்துச் சீட்டு என் சட்டைப்பையில். முப்பத்தொரு வருடத்தில் எத்தனை பேருக்கு ‘ரிமாண்ட் அன்றைக்கே சொல்லுங்கள், அப்புறம் சொன்னால் யார் காதிலும் விழாது’ என்று பாடம் நடத்தியவன் நான்.

மூன்றாம் நாள் மனு போட்டுப் பார்க்கப் போனபோது மாத்திரை கொண்டுபோனேன். வெளி மாத்திரை உள்ளே போகக்கூடாது என்றார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மனநோய் மருந்தால் வரும் கை நடுக்கத்துக்குக் கொடுக்கிற சின்ன வெள்ளை மாத்திரையைப் போதைக்காக வாங்கித் தின்கிறவர்கள் வெளியிலேயே இருக்கிறார்கள், உள்ளே இருக்க மாட்டார்களா? ‘எங்கள் டாக்டர் பார்த்து எழுதினால் நாங்களே கொடுப்போம்.’ சரி, டாக்டர் எப்போது பார்ப்பார்? மனநல மருத்துவர் வரும் நாள் வேறு. வெளி மருத்துவமனைக்கு அனுப்பலாம், அதற்கு வழிக்காவல், அதாவது கூடப் போகப் போலீஸ், வேண்டும். வழிக்காவலுக்கு ஆள் இல்லை, அன்றைக்கு ஏதோ ஊர்வலம். அடுத்த வாரமும் ஏதோ ஒன்று.

அவன் சத்தம் போட்டிருந்தால் உடனே கவனித்திருப்பார்கள். அவன் பேச்சையே நிறுத்திவிட்டான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ‘உங்கள் ஆள் தங்கமான பையன், எந்தத் தொந்தரவும் இல்லை’ என்று ஒரு காவலர் என்னிடம் மனதாரச் சொன்னார். பதினாறு நாள் தங்கமான பையனாக இருந்தான். குளிக்கவில்லை. பிளாக்கில் கூட இருந்தவர்கள் நாற்றம் தாங்கவில்லை என்று புகார் கொடுத்தார்கள். அந்தப் புகாரில்தான் மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். நாற்றம் இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை நாளோ.

நாற்பத்தொன்றாம் நாள் ஜாமீனில் வந்தான். கண்ணாடிக்குப் பணம் கட்டச் சொல்லி நிபந்தனை. கட்டினோம்.

15 ஜூன், இரவு

எந்த நிலையம், எந்தச் சிறை என்று கேட்காதீர்கள். சொல்லமாட்டேன். அங்கே இருந்தவர்களில் கெட்டவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் என்னால் காட்ட முடியாது. அதுதான் எரிச்சல்.

19 ஜூன்

‘2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது, நீங்கள் பழங்கதை பேசுகிறீர்கள்’ என்று எழுதிய இளம் வக்கீலுக்கு. அய்யா, நான் சொன்னது 2022. அந்தச் சட்டம் 2018 மே 29-ஆம் தேதியே நடைமுறைக்கு வந்துவிட்டது.

நல்ல சட்டம்தான், எழுத்தில் குறை சொல்லமாட்டேன். மனநோயோடு தெருவில் திரிகிறவரைக் கண்டால் போலீஸ் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பிலோ சிறையிலோ எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக்கூடாது என்கிறது 100-ஆவது பிரிவு. வீடற்றவராக இருந்தால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை போட்டு, குடும்பத்தைத் தேடும் பொறுப்பையும் நிலையத்துக்கே கொடுத்திருக்கிறது. ஆனால் கல் எறிந்துவிட்டால் அவர் திரிகிறவர் இல்லை, ‘எதிரி’, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். பேரேடு மாறிவிடுகிறது. மூளை அதேதான்.

அடுத்து 103. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல சிகிச்சை நிலையம் வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. அதன் மூன்றாம் உட்பிரிவைப் படித்துவிட்டு நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். சிறை மருத்துவ அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்பவேண்டும். என்ன அறிக்கை? ‘இந்தச் சிறையில் மனநோயுள்ள கைதிகள் எவரும் இல்லை’ என்று சான்றளிக்கும் அறிக்கை. எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன மருந்து கொடுத்தோம் என்று இல்லை. இல்லை என்று சொல்லவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

20 ஜூன்

மேலே எழுதியதில் அவசரப்பட்டுவிட்டேன். அதே இளம் வக்கீல் பொறுமையாக விளக்கியிருக்கிறார். நோயுள்ளவரைச் சிறையில் வைக்காமல் சிகிச்சைக்கு மாற்றிவிட வேண்டும், மாற்றியதற்கு அத்தாட்சிதான் அந்த ‘இல்லை’. வாரியம் சிறைக்கே வந்து, யாராவது இருந்தால் ஏன் இன்னும் மாற்றவில்லை என்று கேட்கவும் அடுத்த உட்பிரிவில் அதிகாரம் இருக்கிறது. சரி, நோக்கம் நல்லது என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தம்பி, நான் காகிதத்தோடு வாழ்ந்தவன். ‘இல்லை’ என்று எழுதக் கட்டம் போட்ட படிவத்தில் ‘இல்லை’ என்றுதான் எழுதுவார்கள். என் மைத்துனன் அந்தப் பதினாறு நாளும் ‘இல்லை’யில்தான் இருந்தான்.

21 ஜூன்

எண்ணிக்கை கேட்டவருக்கு: சிறைக்கான மாதிரிக் கையேடு (2016) 500 கைதிகளுக்கு ஓர் உளவியலாளர் வேண்டும் என்கிறது. இந்திய நீதி அறிக்கை 2025 நாடு முழுவதும் சிறைகளில் எண்ணிய உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களும் சேர்த்து 25 பேர். 2022 கணக்கில் கைதிகள் ஐந்தே முக்கால் லட்சத்தைத் தொட்டார்கள், அவர்களில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். வகுத்தல் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ரத்த அழுத்தம்.

24 ஜூன், அதிகாலை

தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் தட்டச்சு செய்த ஜாமீன் மனுக்களில் ஒரு வரி வரும். ‘மனுதாரர் கடந்த சில காலமாக மனநிலை சரியில்லாமல் சிகிச்சை பெற்று வருகிறார்.’ திருட்டா, அடிதடியா, செக் மோசடியா, கையில் வேறு காரணம் இல்லையென்றால் இதைச் சேர்ப்போம். வயதான தாய், திருமண வயதில் தங்கை, மனநிலை சரியில்லை. இந்த வரிசை எனக்கு மனப்பாடம். வக்கீல் சொல்லவே வேண்டாம், நானே சேர்த்துவிடுவேன். யாரும் மருந்துச் சீட்டு கேட்டதில்லை. நீதிபதி அந்தப் பக்கத்தைப் புரட்டும் வேகத்தைப் பார்த்திருக்கிறேன்.

மைத்துனனின் முதல் ஜாமீன் மனுவிலும் அதே வரியைத்தான் தட்டினேன், அதே விசையில், அதே வார்த்தைகளில். முதல் மனு தள்ளுபடி ஆனது. பக்கத்தைப் புரட்டிய வேகமும் அதேதான். ‘நடிக்கிறவர்களே இல்லையா?’ என்று இங்கே மூன்று பேர் கேட்டீர்கள். அந்த நடிப்புக்கு வசனம் எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். எத்தனை மனு என்று கணக்கு வைக்கவில்லை. நூறுக்கு மேல் இருக்கும்.

24 ஜூன், மாலை

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. தேவையில்லை.

29 ஜூன்

‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சொல்வதைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் குடியிருக்கும் என் நண்பர் ஒருவர் பெண் பார்க்கப் போன இடத்தில் ஊர் பெயர் சொல்லத் தயங்கி ‘பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம்’ என்பாராம். மருத்துவமனை இருப்பதோ அயனாவரத்தில், மேடவாக்கம் குளச் சாலையில். அயனாவரத்துக்காரர்கள் அமைதியாக இருக்கிறார்கள்.

வரலாறு கேட்டவருக்கு: கம்பெனிக் காலத்தில், 1794-ல், வாலண்டைன் கானலி என்ற மருத்துவர் புரசைவாக்கத்தில் தொடங்கிய காப்பகம் அது. இப்போதைய இடத்துக்கு 1871-ல் வந்தது. வழக்கில் சிக்கிய நோயாளிகளுக்கு அங்கே பூட்டிய வார்டு தனியாக உண்டு. சிறைக்கும் ஒரு வரலாறு உண்டு. சென்ட்ரல் பக்கத்தில் 1837-லிருந்து இருந்த மத்தியச் சிறை 2006-ல் புழலுக்குப் போனது, 2009-ல் பழைய கட்டடத்தை இடித்தார்கள், இடம் மருத்துவக் கல்லூரிக்குப் போனது. சிறை இருந்த இடத்தில் மருத்துவப் படிப்பு. ஊர் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டது என்று என் மனைவி சொல்வாள்.

இடித்த சமயத்தில் மக்கள் வரிசையில் நின்று சிறையைச் சுற்றிப் பார்த்தார்கள். நானும் போனேன். அதுவரை பார்த்ததெல்லாம் மனுக் கம்பிக்கு இந்தப் பக்கம்தான்.

3 ஜூலை

ஒரு பெண்மணி தனியாகக் கேட்டிருந்தார், அவருடைய அண்ணனுக்கு இப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறதாம். எல்லாருக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

அம்மா, மருந்துச் சீட்டையும் மருத்துவமனைப் புத்தகத்தையும் நகல் எடுத்து வீட்டில் இரண்டு பேரிடம் வையுங்கள். கைதானால் முதல் வேலை ஜாமீன் இல்லை, அந்த நகலை ரிமாண்ட் நேரத்தில் மாஜிஸ்திரேட் கையில் சேர்ப்பது. வக்கீல் இல்லையென்றால் சட்ட உதவி வக்கீல் இருப்பார், அவரிடம் கொடுங்கள். ‘சிறையில் சேர்த்ததும் மனநல மருத்துவர் பார்க்கவேண்டும், மருந்து தொடரவேண்டும்’ என்று ரிமாண்ட் உத்தரவிலேயே ஒரு வரி எழுதச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் சிறை மருத்துவருக்கும் பலம், வழிக்காவல் கேட்பதற்கும் பலம். அதோடு, இப்போதே மருத்துவரிடம் ஊசி மருந்து அண்ணனுக்கு ஒத்துவருமா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கோ நாலு வாரத்துக்கோ ஒன்று என்று போடுவார்கள். சிறை வாசலில் மாத்திரையைப் பறிக்கலாம், உடம்புக்குள் போன ஊசியைப் பறிக்க முடியாது. எங்கள் வீட்டில் இப்போது ஊசிதான்.

ஜாமீன் தரக்கூடாத வழக்கு என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். வழக்கை எதிர்கொள்ளும் நிலையில் இல்லை என்று நீதிமன்றம் முடிவு செய்து, உள்நோயாளியாக வைக்கத் தேவையில்லை என்றால், எந்த வகைக் குற்றமானாலும் ஜாமீனில் விடலாம். உறவினரோ நண்பரோ சிகிச்சைக்கு அழைத்துப் போகிறேன் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். பழைய எண் 330, புதிய எண் 369. பார்த்தீர்களா, கற்றுக்கொண்டேன்.

11 ஜூலை

‘மிகைப்படுத்துகிறீர்கள், கணக்கில்லாமல் யாரை உள்ளே வைத்திருக்கிறார்கள்?’ அசாமில் மச்சாங் லாலுங் என்பவரை 1951-ல் கைது செய்தார்கள். தேஜ்பூர் மனநல மருத்துவமனை, பிறகு சிறை. விசாரணையே நடக்கவில்லை. வெளியே வந்தது 2005-ல். ஐம்பத்துநாலு வருடம். ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் விட்டார்கள். மனநோய் இருக்கிறது என்பதற்காக மட்டும், எந்தக் குற்றமும் செய்யாதவர்களைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்று 1993-ல் ஷீலா பார்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபோதும் அவர் உள்ளேதான் இருந்தார். அந்த ஒரு ரூபாய் யார் பையிலிருந்து வந்தது என்று எனக்குக் குமாஸ்தா புத்தியில் ஒரு கேள்வி.

18 ஜூலை

மைத்துனன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நன்றாக இருக்கிறான். அதில்தான் சிக்கல்.

2023-ல் வழக்கை எதிர்கொள்ளும் நிலையில் இல்லை என்று மருத்துவ அறிக்கை வந்தது. வழக்கை நிறுத்தி வைத்தார்கள், என் பொறுப்பில் விட்டார்கள். அன்றிலிருந்து வாய்தாவுக்கு வாய்தா போய் சிகிச்சைச் சீட்டைத் தாக்கல் செய்துவிட்டு வருவேன். போன மாதம் புது அறிக்கை. குணமாக இருக்கிறார், நடப்பதைப் புரிந்துகொள்கிறார், வக்கீலுக்குத் தகவல் சொல்லும் திறன் இருக்கிறது. வழக்கு மறுபடி உயிர் பெற்றுவிட்டது. பழைய வழக்கு என்பதால் பழைய நடைமுறைச் சட்டப்படியே நடக்கும், என் தலைக்கு அதுவரை நிம்மதி.

அறிக்கையை அவனிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘மாமா, இந்த மாதம் ஊசி போட்டுக்கொள்ளாமல் இருந்தால் வழக்கு நின்றுவிடுமா?’ என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்டானா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. அக்காக்காரி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள்.

19 ஜூலை

ஊசி போட்டாகிவிட்டது. வாய்தா ஆகஸ்ட் 6. இந்த முறை நான் வராந்தாவில் நிற்கப் போவதில்லை.

6 ஆகஸ்ட், மதியம் 2.20

மாஜிஸ்திரேட் விடுப்பு. அடுத்த வாய்தா செப்டம்பர் 17. அவன் கடைக்குப் போய்விட்டான், அரை நாள் சம்பளமாவது கிடைக்கும் என்று.